எம்எஃப் 135-க்குள் ஜெனரேட்டர் எஞ்சின் உட்காருமா?

கேள்வி சுருக்கமாக இது. மலேசியாவில் பினாங்கின் நிபோங் தெபால் பக்கம் ஒரு சிறு செம்பனைத் தோட்டம். குலை இழுக்கும் மாசி ஃபெர்குசன் (எம்எஃப்) 135 டிராக்டரின் எஞ்சின் பிளாக் வெடித்துவிட்டது. பிறையில் பழைய இரும்புக் கடை ஒன்றில் ஜெனரேட்டரிலிருந்து இறக்கிய பெர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின் கிடக்கிறது. "ரெண்டும் பெர்க்கின்ஸ்தானே, அப்படியே தூக்கி மாட்டலாமா, அல்லது சாமானுக்கு மட்டும்தான் ஆகுமா?"

மாட்டலாம். அப்படியே மாட்ட முடியாது. உள்ளே இருப்பது ஒரே எஞ்சின்; வெளியே தொங்குவது எல்லாம் வேறு. கடையில் நீங்கள் வாங்குவது பிளாக், கிராங்க், ஹெட் மூன்றையும்தான் என்று நினைத்துக்கொண்டு விலை பேசுங்கள். சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி), ஃபிளைவீல், விசிறி, ஸ்டார்ட்டர், டீசல் பம்பு ஆகியவை உங்கள் பழைய எஞ்சினிலிருந்து வர வேண்டியவை. ஆகவே வெடித்த எஞ்சினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பலர் முதலில் செய்கிற தவறு அதுதான்.

முதலில் எந்த எஞ்சின் என்று பார்த்துவிடலாம். பெர்க்கின்ஸ் பெயரில் முதல் எண் சிலிண்டர் எண்ணிக்கை, அடுத்தது கன அங்குலம். 3.152 என்றால் மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம், அதாவது 2.5 லிட்டர். போர் (சிலிண்டர் விட்டம்) 91.4 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 127 மிமீ. இதே போர், இதே ஸ்ட்ரோக்கில் ஒரு சிலிண்டர் கூட்டினால் 4.203. அதனால்தான் ஃபோர்க்லிஃப்ட்டில் வந்த 4.203-இன் சில உள் சாமான்கள் 3.152-க்குப் பொருந்துகின்றன. 4.236 வேறு குடும்பம். அதன் போர் 98.4 மிமீ. ஸ்ட்ரோக் ஒன்றே என்பதை வைத்து "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லும் கடைக்காரரிடம் பிஸ்டன் வாங்காதீர்கள்.

3.152-க்குள்ளேயே இரண்டு வகை உண்டு. மாசி ஃபெர்குசன் 35-இல் முதலில் இருந்தது ஸ்டாண்டர்ட் 23சி என்ற நான்கு சிலிண்டர் டீசல். குளிர் நாட்டில் காலையில் கிளப்புவது பெரும்பாடு என்று பெயர் வாங்கிய எஞ்சின் அது. 1959-இல் மாசி ஃபெர்குசன் பெர்க்கின்ஸ் நிறுவனத்தையே வாங்கியது. அதே ஆண்டின் இறுதியில் 35-க்குள் ஏ3.152 வந்து உட்கார்ந்தது. அதில் டீசல் ஹெட்டில் உள்ள தனி அறைக்குள் பாயும், கம்ப்ரெஷன் விகிதம் 17.4. 1964-இல் அறிமுகமான 135-க்கு வந்தது ஏடி3.152. அதில் டீசல் நேராக பிஸ்டன் தலைக்குள் பாயும், விகிதம் 18.5. தொழிற்சாலை எஞ்சின்களிலும் இதே பிரிவு: பி3.152 தனி அறை வகை, டி3.152 நேரடி வகை. உங்களுக்கு வேண்டியது டி. தனி அறை வகையின் ஹெட், பிஸ்டன், இன்ஜெக்டர், பம்பு செட்டிங் நான்கும் ஒரு கட்டு. அதில் ஒன்றை மட்டும் உருவி நேரடி வகையில் போட்டால் புகைதான் வரும்.

பெயிண்ட்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. பிளாக்கில் டீசல் பம்பு இருக்கும் பக்கம் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து எண்ணைப் படியுங்கள். 1974-க்கு முந்தியதானால் எண் 152 என்று தொடங்கும். அதற்குப் பிந்தியதானால் இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கும்: சிஇ என்றால் டி3.152, சிடி என்றால் பி3.152. எல்டி என்றிருந்தால் கையில் இருப்பது 4.236. அந்த இரண்டு எழுத்துக்குப் பின் வரும் இலக்கங்கள் பார்ட்ஸ் பட்டியல் எண். சாமான் வாங்கும்போது கடையில் சொல்ல வேண்டியது அதைத்தான். அடுத்து யூ என்றால் இங்கிலாந்தில் செய்தது. கடைசி எழுத்து ஆண்டு: ஏ 1974, பி 1975 என்று போகும். வேறு நாடுகளிலும் உரிமம் பெற்று இதைச் செய்திருக்கிறார்கள். சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் ஆலை செய்யும் மூன்று சிலிண்டர் எஞ்சினும் இதே வம்சம்தான். இந்தியச் சாமான் மலிவாகக் கிடைக்கிறது, தரமும் மோசமில்லை. ஆனால் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் பழைய பிஸ்டனையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, பிஸ்டன் பின்னின் (குறுக்கே செல்லும் உருளைக் கம்பி) மையத்திலிருந்து தலை வரையுள்ள உயரத்தைக் கேலிப்பரால் அளந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

இனி ஏன் அப்படியே மாட்ட முடியாது என்பதற்கு வருவோம். 135-க்கு சேசிஸ் கிடையாது. முன் அச்சைத் தாங்கும் இரும்பு எஞ்சினின் முன்பக்கத்தில் பூட்டியிருக்கிறது, கியர்பாக்ஸ் பின்பக்கத்தில். நடுவில் எஞ்சினே வண்டியின் முதுகெலும்பு. அதனால்தான் டிராக்டர் சம்ப் கனமான வார்ப்பிரும்பு. ஜெனரேட்டர் எஞ்சின் இரும்புச் சட்டத்தின் மேல் ரப்பரில் உட்கார்ந்திருக்கும் சோம்பேறி. அதற்குத் தகரத்தில் அழுத்திய சம்ப் போதும். அந்தத் தகரச் சம்ப்போடு டிராக்டரில் பூட்ட இடமே இராது. எப்படியோ வெல்டிங் வைத்துப் பூட்டினாலும், பாரம் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக் கொண்டு கால்வாய்ப் பாலத்தில் ஏறும்போது பிளாக் வளையும்.

சம்ப் மாறினால் அதனுள்ளே ஆயில் உறிஞ்சும் குழாயும் மாற வேண்டும். இரண்டு சம்ப்புக்கும் ஆழமான இடம் வேறு வேறு. ஜெனரேட்டரின் குழாயை விட்டுவிட்டு டிராக்டர் சம்ப்பைப் போட்டால், குழாய் வாய் ஆயிலுக்கு மேலே நிற்கலாம். மேட்டில் ஏறும்போது பிரஷர் ஊசி படுத்துவிடும். டிப்ஸ்டிக்கும் பழையதே வரட்டும், கோடுகள் அந்தச் சம்ப்புக்குப் போட்டவை. ஆயில் ஏறக்குறைய 7 லிட்டர் பிடிக்கும்.

ஃபிளைவீலில் மூன்று விஷயம். ஜெனரேட்டரின் ஃபிளைவீல் கிளட்ச்சுக்குச் செய்ததல்ல, அதைக் கழற்றி டிராக்டருடையதைப் போடுங்கள். கியர்பாக்ஸ் ஷாப்டின் மூக்கு உட்காரும் சின்ன பேரிங்கைப் புதிதாகப் போடுங்கள். ஸ்டார்ட்டரும் ரிங் கியரும் ஜோடியாகவே வர வேண்டும், பல் எண்ணிக்கை மாறினால் ஒரே மாதத்தில் ரிங் கியர் பல் மழுங்கிவிடும். ஜெனரேட்டர் ஸ்டார்ட்டர் 24 வோல்ட்டாகவும் இருக்கலாம், உங்கள் வண்டி 12.

விசிறியை யாரும் கவனிப்பதில்லை. பல ஜெனரேட்டர்களில் விசிறி காற்றை ரேடியேட்டர் வழியாக வெளியே தள்ளும். 135-இல் விசிறி ரேடியேட்டர் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். தள்ளும் விசிறியை மாற்றாமல் விட்டால் வண்டி ஓடும்போது எதிர்காற்றோடு மல்லுக்கட்டும். அரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்ததும் பழி தெர்மோஸ்டாட் மேல் விழும்.

இப்போது டீசல் பம்பு. பணம் அதிகம் வீணாவது இங்கேதான். இரண்டு எஞ்சினிலும் சிஏவி நிறுவனத்தின் டிபிஏ வகை பம்பு இருக்கும், பார்வைக்கு அண்ணன் தம்பி போலவே இருக்கும். உடம்பில் ஒட்டிய தகட்டைத் துடைத்துப் பாருங்கள். பம்பு எண்ணில் மூன்றாவது இலக்கம் சிலிண்டர் எண்ணிக்கை. அது தவிர, சாய்கோடுகளால் பிரித்த ஒரு வரி இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கமே எஞ்சின் சுமையில்லாமல் ஓடக்கூடிய உச்ச வேகம். டிராக்டர் பம்பில் அது இரண்டாயிரத்துச் சொச்சமாக இருக்கும், 135-இன் முழு வேகம் நிமிடத்துக்கு 2250 சுற்று என்பதால். ஜெனரேட்டர் பம்பில் 1500-ஐ ஒட்டிய எண் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு நான்கு துருவ ஆல்டர்னேட்டர் 1500-இல்தான் சுற்ற வேண்டும். அந்தப் பம்போடு டிராக்டரை ஓட்டினால் நான்காம் கியரிலும் மாட்டு வண்டி வேகம்தான். பின்னால் கருவிகளைச் சுற்றும் பிடிஓ ஷாப்டும் 540-ஐத் தொடாது, புல்வெட்டி வெட்டாமல் மெல்லும்.

"ஸ்குரூவைத் திருகினால் போச்சு" என்று சொல்லும் ஃபோர்மென் கிடைப்பார். வேண்டாம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங் 1500-க்காகத் தேர்ந்தெடுத்தது. டீசல் அளவும் அந்த வேகத்துக்கு அளந்து சீல் வைத்தது. மாறாத வேகத்துக்குச் செய்த சில பம்புகளில், வேகம் கூடும்போது டீசலை முன்கூட்டிப் பாய்ச்சும் அட்வான்ஸ் பாகமே கிடையாது. ஸ்குரூவைத் திருகினால் வேகம் வரும், கூடவே கறுப்புப் புகையும் சூடும் வரும். உங்கள் பழைய டிராக்டர் பம்பு சுற்றுகிறது என்றால் அதையே டீசல் பம்பு பட்டறைக்கு அனுப்பி, பெஞ்சில் சோதித்து, சீல் மாற்றி வாங்குங்கள். அது செத்துவிட்டதானால் ஜெனரேட்டர் பம்பைக் கொடுத்து, பழைய தகட்டின் எண்ணைக் காட்டி அதற்கேற்ப மாற்றச் சொல்லுங்கள். தகட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

இதைத் தலைகீழாகச் செய்பவர்களுக்கும் ஒரு வரி: டிராக்டர் எஞ்சினை ஜெனரேட்டருக்குப் போடும்போது கவர்னர் தளர்ச்சி (சுமை நீங்கும்போது வேகம் ஏறும் அளவு) இடிக்கும். சுமையோடு 1500 வைத்து, சுமை நீங்கினால் 10 விழுக்காடு ஏறும் கவர்னர் என்றால் 1650, அதாவது 55 ஹெர்ட்ஸ். விளக்கு எரியும், ஆனால் மோட்டாருக்கும் ஏர்கோனுக்கும் ஆகாது. 4 விழுக்காடு என்றால் 52, அது பரவாயில்லை.

பம்பை மாட்டும்போது பம்பு விளிம்பில் உள்ள கீறலும் டைமிங் கேஸில் உள்ள கீறலும் நேராக வர வேண்டும். டைமிங் கேஸ் ஒரு எஞ்சினிலிருந்தும் பம்பு இன்னொன்றிலிருந்தும் வந்தால் அந்தக் கீறலை நம்ப முடியாது. பம்பின் பக்கத் தகட்டைத் திறந்தால் உள்ளே சுழலும் தட்டில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். உரிய எழுத்தின் கோடு சர்கிளிப்பின் நேர்முனையோடு பொருந்த வேண்டும். எந்த எழுத்து என்பது எஞ்சின் எண்ணுக்கேற்ப மாறும், 135-க்கான பட்டறைக் கையேட்டைப் பார்த்து வையுங்கள். இன்னொன்று, ஜெனரேட்டரில் மின்சாரம் போனால் டீசலை நிறுத்தும் சொலினாய்டு இருக்கும். டிராக்டரில் கையால் இழுக்கும் நிறுத்துக் கம்பி. சொலினாய்டை அப்படியே விட்டுவிட்டு "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று அரை நாள் காற்று எடுப்பவர்கள் உண்டு.

கடையில் எஞ்சினைப் பார்க்கும்போது என்ன சோதிக்கலாம்? ஜெனரேட்டர் எஞ்சினில் மணி மீட்டர் குறைவாகக் காட்டினால் மகிழ்ந்துவிடாதீர்கள். அவசர ஜெனரேட்டரை வாரத்துக்கு ஒரு முறை, சுமையே இல்லாமல், பத்து நிமிடம் ஓட்டி அணைத்திருப்பார்கள். எஞ்சின் சூடாவதே இல்லை. லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை) சுவர் கண்ணாடிபோலப் பளபளத்துவிடும், பிஸ்டன் ரிங் அதில் பிடிக்காது. 200 மணி ஓடிய எஞ்சின் 8,000 மணி ஓடியதைவிட அதிகம் ஆயில் குடிக்கலாம். சம்ப்பைக் கழற்றி, டார்ச் அடித்துப் போரைப் பாருங்கள். தேய்த்த குறுக்குக் கோடுகள் மங்கலாகவாவது தெரிந்தால் நல்லது. முகம் பார்க்கிற பளபளப்பு என்றால் ஹோனிங்கும் (சுவரில் மறுபடி கோடு விழத் தேய்ப்பது) புது ரிங்கும் செலவில் சேரும். தொட்டுத் தடவி விளிம்பு உணர்ந்தால் லைனரே மாற்ற வேண்டும். இதில் உள்ளவை உலர் லைனர்கள், பிரஸ் வைத்து மாற்ற வேண்டியவை.

கிராங்க் கையால் சுற்ற வேண்டும். பிளாக் பக்கத்து வட்டத் தகடுகளில் (கோர் பிளக்) பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா பாருங்கள். பினாங்கில் இது முக்கியம். மீன்பிடிப் படகிலிருந்து இறக்கிய எஞ்சினும் ஜெனரேட்டர் எஞ்சின் என்ற பெயரில் விற்பனைக்கு வரும்; உப்புத் தண்ணீர் ஓடிய பிளாக்கின் உள்சுவர் வெளியில் தெரியாமல் அரித்திருக்கும். அப்படி உப்புப் பூத்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். கிராங்க் ஏற்கெனவே கடைந்ததா என்பதை பேரிங் முதுகில் உள்ள எண் சொல்லும்: 010, 020, 030 என்று ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கு. 030 என்றிருந்தால் அடுத்த முறைக்கு இடமில்லை.

மாட்டும் வேலை. வண்டியை இரண்டாகப் பிரிப்பதற்கு முன், முன் அச்சுக்கும் அதைத் தாங்கும் இரும்புக்கும் நடுவே இருபுறமும் கட்டை ஆப்பு அடியுங்கள். அந்த அச்சு நடுப் பின்னில் ஊஞ்சல்போல ஆடும். ஆப்பு இல்லாமல் பிரித்தால் முன்பாதி பக்கவாட்டில் சாய்ந்து ஆள்மேல் விழும். கியர்பாக்ஸ் அடியில் ஸ்டாண்ட், பின் சக்கரங்களுக்குக் கல். 1 டன் செயின் பிளாக் போதும், ஆனால் தென்னங்கட்டையில் தொங்க விடாதீர்கள்.

சம்ப் பூட்டுவதில்தான் பட்டறைகள் அவசரப்படும். கியர்பாக்ஸ் சேரும் முகத்தில் பாதி பிளாக்கைச் சேர்ந்தது, பாதி சம்ப்பைச் சேர்ந்தது. சம்ப் போல்ட்டுகளை விரலால் மட்டும் முடுக்கி, பின் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்து, இரண்டும் ஒரே மட்டம் என்று ஃபீலர் நுழையாத அளவுக்குத் தட்டிச் சரிசெய்த பிறகே இறுக்குங்கள். சம்ப் மயிரிழை வெளியே நீட்டியிருந்தாலும் கியர்பாக்ஸ் போல்ட்டை இறுக்கும்போது சம்ப் காது உடையும். இறங்கியிருந்தால் பாரம் முழுவதும் பிளாக்கின் மேல் விழும். இப்படி வெடித்த பிளாக்குகளும் உண்டு. உங்களுடையது எங்கே வெடித்திருக்கிறது என்று பாருங்கள். பின்பக்கம் சம்ப் சேரும் இடத்துக்கு அருகில் என்றால் போன முறை பூட்டியவரின் வேலையாக இருக்கலாம்.

கிராங்கின் பின் சீலைக் கையோடு மாற்றுங்கள். பழைய எஞ்சின்களில் அது இரண்டு துண்டுக் கயிறு. ஜெனரேட்டரில் அது கசிந்தால் யாருக்கும் தெரியாது. டிராக்டரில் கிளட்ச் நனைந்து வழுக்கும், திரும்பவும் வண்டியைப் பிளக்க வேண்டும். கயிற்றை உறையில் வைக்கும்போது முதலில் இரு முனையையும் பதித்து, பிறகு நடுப்பகுதியை உருட்டி அழுத்துங்கள். ஒவ்வொரு முனையும் உறை முகத்துக்கு மேல் கால் மிமீ முதல் அரை மிமீ வரை நீட்டிக் கொண்டிருக்க வேண்டும். வெட்டி மட்டமாக்கினால் அந்த இடுக்கில் கசியும். உள்முகத்தில் கிராஃபைட் கிரீஸ் தடவுங்கள்.

ஹெட் நட்டு 55 முதல் 60 அடி-பவுண்டு, நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக. டாப்பெட் (வால்வு) இடைவெளி குளிரில் 0.30 மிமீ, சூட்டில் 0.25.

டீசல் பாதையில் காற்றெடுக்கும் வரிசை: ஃபில்டர் தலை ஸ்குரூ, பிறகு பம்பு உடம்பில் ஹெட் பக்கத்து ஸ்குரூ, பிறகு மேலே கவர்னர் மூடி ஸ்குரூ. டேங்கிலிருந்து டீசல் இழுக்கும் லிஃப்ட் பம்பின் கைப்பிடி தளர்ந்து ஆடினால் அது கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கேம் உச்சியில் நிற்கிறது, எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பம்பு செய்யுங்கள். குமிழி நின்றதும் மூடி, இரண்டு இன்ஜெக்டர் குழாய் நட்டைத் தளர்த்தி, நிறுத்துக் கம்பி ஓட்ட நிலையில் இருக்க, ஸ்டார்ட்டர் போட்டால் டீசல் சொட்டும். இறுக்கினால் கிளம்பும். இன்லெட்டில் உள்ள, உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் தெர்மோஸ்டார்ட் குளிர் நாட்டுக்கு உரியது, இங்கே அதற்கு வேலை இல்லை. ஆனால் அது பழுதாகி டீசல் ஒழுகினால் வெள்ளைப் புகை வரும், குழாயை அடைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் காலையில் கிளம்ப மறுக்கும் 3.152-க்குக் காரணம் குளிராக இருக்க முடியாது. கம்ப்ரெஷன், டீசல் பாதையில் காற்று, மெதுவாகச் சுற்றும் ஸ்டார்ட்டர், இந்த மூன்றில் ஒன்று.

டீசல் பற்றியும் சொல்ல வேண்டும். மலேசியாவில் 2019 முதல் எண்ணெய் நிலையங்களில் வரும் டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல். டீசல் பம்பைச் சறுக்கி ஓடவிடும் மசகுத்தன்மை அதில் நன்றாகவே இருக்கிறது. சிக்கல் ரப்பரில்: பழைய ஹோஸ், லிஃப்ட் பம்பு டயாஃப்ரம், பம்பு சீல்கள் ஊறி மெத்தெனப் போய்க் காற்று இழுக்கும். மாற்றும்போது பயோடீசலுக்கு ஏற்ற விட்டான் வகை ரப்பர் கேளுங்கள். பயோடீசல் டேங்கில் பல வருட அழுக்கையும் கரைத்துவிடும், ஆகவே முதல் இரண்டு ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். தண்ணீரையும் ஈர்க்கும். டிபிஏ பம்புக்கு டீசலே மசகு என்பதால் தண்ணீர் போனால் ரோட்டர் இறுகிவிடும். சாயங்காலம் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், வாரம் ஒரு முறை ஃபில்டர் கிண்ணத்தைத் திறந்து அடியில் நிற்பதை வடியுங்கள்.

ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றும் வழக்கத்தையும் இந்த எஞ்சினோடு நிறுத்திவிடலாம். "இங்கே பனி பெய்யாதே, கூலண்ட் எதுக்கு?" என்பார்கள். பனிக்காக அல்ல, துருவுக்காக. உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஃபோர்டு 3000 இருந்தால் அதற்கு இது இன்னும் அவசியம். அந்த எஞ்சினுக்கு லைனர் கிடையாது, பிஸ்டன் பிளாக்கிலேயே ஓடுகிறது. அந்தச் சுவரின் தண்ணீர்ப் பக்கத்தில் குமிழிகள் வெடித்து வெடித்து ஊசித் துளை விழும், தண்ணீர் சம்ப்புக்குப் போகும். பிறகு போரை அகலமாக்கி ஸ்லீவ் இறக்க வேண்டியதுதான். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவதும் வேண்டாம், எஞ்சின் சூடேறாமல் ஓடினால் லைனர் சீக்கிரம் தேயும்.

முதல் நாளில் சும்மா ஐடிலில் விட்டு வைக்காதீர்கள், புது ரிங் பிடிக்காது. தண்ணீர் சூடானதும் பாதி பாரம் ஏற்றி, கியர் மாற்றி மாற்றி, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஆயில் பிரஷரும் கிளட்ச் உறையின் அடித் துளையும் கண்ணில் இருக்கட்டும். துளையில் ஆயில் சொட்டினால் கயிறு சீல் சரியாக உட்காரவில்லை. 25 மணி நேரத்தில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சூட்டோடு ஹெட் நட்டுகளை மறுபடி ஒரு சுற்று முடுக்கி, டாப்பெட்டை 0.25-க்குச் சரிபாருங்கள்.